‘விதிமுறை’ என்று போடுவதா, ‘முறை’ என்று போடுவதா? வாய்க்கால் பலகைக்கு ஒரு சொல்

வாய்க்கால்_ஓரம் (நன்னிலம் பக்கம்) எழுதியது:

எங்கள் ஊர்க் கிளை வாய்க்காலின் தலைப்பில் ஒரு பலகை வைக்கப் போகிறோம். மொத்தம் பதினேழு குடும்பம், ஏறக்குறைய நாற்பது ஏக்கர். ஆற்றில் தண்ணீர் நிறைய வரும் வருஷம் யாரும் யாரையும் எதுவும் கேட்பதில்லை. குறைந்துவிட்டால்தான் வம்பு. 2023இல் ஜூன் 12ஆம் தேதி மேட்டூரைத் திறந்தார்கள், அக்டோபர் 10ஆம் தேதியே அடைத்துவிட்டார்கள். அந்த வருஷம் எங்கள் வாய்க்கால் கரையில் மண்வெட்டியோடு எதிரெதிரே நின்றவர்கள் சொந்த அண்ணன் தம்பிகள். அதைப் பார்த்தபிறகுதான், யாருக்கு எப்போது தண்ணீர் என்று எழுதியே வைத்துவிடலாம் என்ற பேச்சு வந்தது.

வாசகம் எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. ‘பாசன விதிமுறைகள்’ என்று தலைப்பு போட்டேன். கூட்டத்தில் படித்துக் காட்டினேன். எனக்குப் பெரியப்பா முறை ஆகிற ஒருவர், எண்பதைத் தாண்டியவர், கடைசி வரை பேசாமல் இருந்துவிட்டு, “விதி எதுக்குப்பா? முறைன்னு மட்டும் போடு. விதின்னா மேல இருந்து வர்றது. முறைன்னா எனக்கு அப்புறம் நீ” என்றார். அன்றிலிருந்து இந்தச் சொல் என்னை விடவில்லை.

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். நான் ஏழாவதோ எட்டாவதோ படிக்கும்போது அப்பாவோடு ராத்திரித் தண்ணீருக்குப் போயிருக்கிறேன். அப்போது யாரிடமும் கடிகாரம் கிடையாது. கும்பகோணம் போகும் கடைசி பஸ் சத்தம் கேட்டால் எங்கள் முறை ஆரம்பம், கோழி கூவினால் முடிவு. முடிந்ததும் அப்பா வைக்கோல் பிரியும் வாழை மட்டையும் திணித்து, மேலே களிமண்ணை அப்பி, காலால் மிதித்து எங்கள் மடையை அடைப்பார். வயலில் இன்னும் ஒரு மூலை நனைந்திருக்காது, அது அவருக்கும் தெரியும். அப்படியே விட்டுவிட்டு ஈரக் காலோடு அடுத்த வயல்காரர் வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டி, “சின்னம்மா, ஒங்க மொற” என்பார். தட்டாமல் வீட்டுக்கு வந்து படுத்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது.

இந்த ‘முறை’ என்ன சொல்? வரிசையா, சட்டமா, அறமா? சொல் தெரிந்தவர்கள் எழுதுங்கள். பெயிண்டர் அடுத்த வாரம் வருகிறார்.

மாடவீதி (கும்பகோணம்) எழுதியது:

சொல் ஆராய்ச்சி எனக்குத் தெரியாது. ஆனால் ‘முறைவாசல்’ தெரியும். நாங்கள் ஐந்து குடித்தனம் இருந்த வீட்டில் வளர்ந்தோம். ஆளுக்கு ஒரு வாரம் முறைவாசல். வாசல் தெளித்துக் கோலம் போட வேண்டும், நடையும் முற்றமும் கூட்ட வேண்டும், கிணற்றடியைப் பாசி போகத் தேய்க்க வேண்டும், சாயங்காலம் மாடத்தில் விளக்கு ஏற்ற வேண்டும். எங்கேயும் எழுதி வைத்ததில்லை. வீட்டுக்காரர் இதில் தலையிட்டதே இல்லை.

புதிதாக வந்த ஒரு குடும்பம் தன் வாரத்தில் எதுவும் செய்யவில்லை. யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆனால் வேறு யாரும் அந்த வாசலைத் தொடவும் இல்லை. நாலு நாள் கோலம் இல்லாமல் கிடந்தது. ஐந்தாம் நாள் விடிகாலையில் அந்த அக்கா தானே வாளியோடு வெளியே வந்தார். அதே அக்காவுக்குப் பிரசவம் ஆனபோது அவர் முறையை மற்ற நாலு வீடும் பங்கு போட்டுக்கொண்டது. அம்மாவிடம் “அவங்க முறைதானே, நாம எதுக்கு?” என்று கேட்டேன். “அதுவும் முறைதான்” என்று சொல்லிவிட்டுப் பெருக்கப் போய்விட்டாள்.

ஓய்வு_தமிழாசிரியை (மன்னார்குடி) எழுதியது:

மூத்தவர் சொன்னதைக் கேட்டுச் சந்தோஷமாக இருக்கிறது. இந்தச் சொல்லை முப்பது வருஷம் வகுப்பில் நடத்தியவள் என்ற உரிமையில் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

நம்மூரில் நடத்தவென்றே ஒரு குறள் இருக்கிறது, 559. ‘முறைகோடி மன்னவன் செய்யின் உறைகோடி ஒல்லாது வானம் பெயல்.’ உறை என்பது இங்கே மழை. முறை வளைந்தால் மழையும் வளைந்து போய்விடும். இரண்டுக்கும் வள்ளுவர் ஒரே வினையைத்தான் வைக்கிறார், கோடுதல். மேட்டூர் திறக்காத வருஷத்தில் இந்தக் குறளைச் சொன்னால் பிள்ளைகள் விளக்கம் கேட்கவே மாட்டார்கள். 2012இல் செப்டம்பரில்தான் தண்ணீர் விட்டார்கள். அந்த ஆகஸ்டில் ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் எழுந்து, “அப்ப எங்க வயல் காயறதுக்கு யார் டீச்சர் முறை தப்பினது?” என்று கேட்டான். எனக்குப் பதில் வரவில்லை.

ஒழுக்கம் என்ற சொல்லையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அது ‘ஒழுகு’ என்பதிலிருந்து வருவது. வாய்க்காலில் தண்ணீர் ஒழுகுவதும் ஓடு மாற்றாத வீடு ஒழுகுவதும் மனிதன் ஒழுகுவதும் ஒரே வினைதான். ஆனால் ஒழுக்கம் தனி ஆளுக்கும் உண்டு. யாருமில்லாத காட்டிலும் ஒருவர் ஒழுக்கமாக இருக்கலாம். முறைக்கு இன்னொருவர் வேண்டும். தனி ஆளுக்கு முறைவாசல் கிடையாது, அண்ணன் முறை கிடையாது, தண்ணீர் முறையும் கிடையாது. உறவைச் சொல்லும் பெயர்களுக்குத் தொல்காப்பியம் வைத்த பேரே ‘முறைப்பெயர்’தான். தந்தை, தாய் எல்லாம் முறைப்பெயர். “அவர் உனக்கு என்ன முறை?” என்று இன்றைக்கும் கேட்கிறோமே, அதே முறை.

ஆனால் விதி வேறு, முறை வேறு என்று ஒரேயடியாக வெட்டிவிட முடியாது. ‘யாதும் ஊரே’ பாட்டின் முதல் வரி எல்லாருக்கும் தெரியும். அதே பாட்டில் கீழே இறங்கினால் ‘நீர்வழிப் படூஉம் புணைபோல் ஆருயிர் முறைவழிப் படூஉம்’ என்று வருகிறது. பெரிய ஆற்றின் தண்ணீர் போகிற வழியில் தெப்பம் போவதுபோல உயிர் முறையின் வழியில் போகும். அங்கே முறை என்பதற்கு ஊழ் என்றே உரை சொல்வார்கள். ஆக, மேலேயிருந்து வருவதும் முறைதான், எனக்கு அப்புறம் நீ என்பதும் முறைதான்.

கோர்ட்_வாசல் (தஞ்சாவூர்) எழுதியது:

மன்னிக்கவும், நான் மாற்றிச் சொல்கிறேன். ‘விதிமுறை’ என்றே போடுங்கள். வழக்கு என்று வந்துவிட்டால், என்ன எழுதியிருந்தது, யார் கையெழுத்து போட்டார்கள் என்றுதான் பார்ப்பார்கள். வாய்க்கால் தகராறில் கட்சிக்காரராக வருகிற ஒவ்வொருவரும் “முறைப்படி எனக்குத்தான் தண்ணீர்” என்றுதான் சொல்கிறார். எதிர்க்கட்சிக்காரரும் அதே வார்த்தையைத்தான் சொல்கிறார். எத்தனை மணி நேரம், எந்த மடை, மீறினால் என்ன என்று தெளிவாக இருக்கட்டும். காவிரிக்கே அதுதானே நடந்தது? 1990இல் நடுவர் மன்றம், 2007இல் இறுதித் தீர்ப்பு, 2018இல் உச்ச நீதிமன்றம் 177.25 டி.எம்.சி. என்று எண் போட்டுச் சொன்னது. முறையாக நடந்துகொள்ளுங்கள் என்று மட்டும் சொல்லி விட்டிருந்தால் ஒரு சொட்டு வந்திருக்குமா?

அரிச்சந்திரா_நதி (தலைஞாயிறு) எழுதியது:

கடைமடைக்காரன் பேசுகிறேன். வக்கீல் சார் சொல்வதில் பாதி சரி. எண் வேண்டும். ஆனால் எண்ணை எங்கே நின்று எண்ணுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

கல்லணையில் தண்ணீர் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று பிரிகிறது. மேட்டூரில் இருப்பு குறைந்தால் காவிரிக்குச் சில நாள், வெண்ணாற்றுக்குச் சில நாள் என்று மாற்றி மாற்றி விடுவார்கள். அரசாங்கக் காகிதத்திலேயே அதற்கு ‘முறைப் பாசனம்’ என்றுதான் பெயர். பெயர் நன்றாகத்தான் இருக்கிறது. வெண்ணாற்றுக்குத் திறந்த தண்ணீர் கிளை கிளையாகப் பிரிந்து எங்கள் பக்கம் எட்டிப் பார்ப்பதற்குள் அங்கே முறை முடிந்து ஷட்டரை இறக்கிவிடுவார்கள். காகிதத்தில் எங்களுக்கும் அத்தனை நாள் விட்டதாகக் கணக்கு இருக்கும். வயலில் வெடிப்பு இருக்கும்.

நன்னிலம்காரருக்கு ஒன்று சொல்கிறேன். காய்ந்த மண் வாய்க்கால் முதலில் தானே குடிக்கும். திறந்த தண்ணீர் தலைமடையைத் தாண்டி, புல்லும் ஆகாயத்தாமரையும் நிறைந்த இடத்தில் தயங்கி, நண்டு வளையெல்லாம் நிரம்பி, அப்புறம்தான் கடைசி வயலுக்கு நகரும். ‘ஒரு மாவுக்கு (ஏக்கரில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குக்கு) ஒரு மணி நேரம்’ என்று நீங்கள் எழுதலாம். தலைப்பில் திறந்த நேரத்திலிருந்து அதை எண்ணினால் கடைசி ஆளுக்குக் கிடைப்பது ஈர மண் மட்டும்தான். அவரவர் மடைக்குத் தண்ணீர் வந்து சேர்ந்த நேரத்திலிருந்து எண்ணுங்கள். பலகையில் வேறு எது விட்டுப்போனாலும் இது விட்டுப்போகக் கூடாது.

இன்னொன்று. இலங்கைத் தமிழர்கள் போலீசில் கொடுக்கும் புகாரை ‘முறைப்பாடு’ என்பார்கள். எனக்கு அது மிகவும் பிடித்த சொல். முறை எங்கே உடைந்ததோ அங்கே போய் நின்று சொல்வது. நாமும் ‘முறையிடுவது’ என்கிறோம், ஆனால் சாமியிடம் மட்டும்தான் அதைச் செய்கிறோம்.

மாடவீதி (கும்பகோணம்) எழுதியது:

தேவாரத்தையும் ‘பண்முறை’, ‘தலமுறை’ என்று இரண்டு விதமாக அடுக்குவார்கள். பண்ணை வைத்து அடுக்கினால் ஒரு வரிசை, ஊரை வைத்து அடுக்கினால் இன்னொரு வரிசை. பாட்டு ஒன்றுதான். எங்கே தொடங்குகிறோம் என்பதில் முறையே மாறிவிடுகிறது. தலைஞாயிறு அண்ணன் எழுதியதைப் படித்ததும் இது ஞாபகம் வந்தது.

கீழத்தெரு (நாகப்பட்டினம் மாவட்டம்) எழுதியது:

இரண்டு நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். நல்ல பேச்சு. ஆனால் இந்தச் சொல் எங்கள் தெருவுக்கு எப்படி வந்து சேர்ந்தது என்று யாரும் கேட்கவில்லை, அதனால் நானே எழுதுகிறேன்.

என் தாத்தா பண்ணையாள். விடியும் முன்னே வயலில் நிற்க வேண்டும், இருட்டிய பிறகு வர வேண்டும். ஏன் என்று கேட்டால் “அதுதான் முறை.” கூலி நெல்லைப் பதரோடு அளப்பார்கள், “அதுதான் முறை.” மேலத்தெருவில் செருப்பு கூடாது, துண்டு இடுப்பில்தான் இருக்க வேண்டும், அதுவும் முறை. டீச்சர் முறைப்பெயர் என்று எழுதியிருக்கிறார். எழுபது வயதான என் தாத்தாவை மேலத்தெருவில் பத்து வயதுப் பிள்ளை பெயர் சொல்லி “டேய்” என்று கூப்பிடும். அவர் அந்தப் பிள்ளைக்கு எந்த முறையும் இல்லை. பெரியப்பாவும் இல்லை, தாத்தாவும் இல்லை. முறைக்கு இன்னொருவர் வேண்டும் என்றீர்கள். அந்த இன்னொருவராக எங்களை யாரும் எண்ணவில்லை.

1952இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்ததே, அதைக் கொண்டுவர வைத்தது முறை அல்ல, செங்கொடி பிடித்த ஆட்கள். 1968 டிசம்பர் 25, கீழ்வெண்மணி. கூலியை உயர்த்திக் கேட்ட மக்கள், ஒரே குடிசையில் 44 பேர் எரிந்தார்கள். கீழ்க் கோர்ட்டில் தண்டனை பெற்ற நிலச்சுவான்தார்கள் மேல்முறையீட்டில் விடுதலையானார்கள். அந்தச் சொல்லுக்குள்ளேயும் ‘முறை’ இருக்கிறது, பாருங்கள்.

சொல் மேல் எனக்குக் கோபம் இல்லை. நன்னிலம் நண்பரிடம் ஒரே ஒரு கேள்வி. அந்தப் பதினேழு குடும்பத்தில் கீழத்தெரு குடும்பம் எத்தனை? வாசகத்தைப் படித்துக் காட்டிய கூட்டத்துக்கு அவர்களைக் கூப்பிட்டீர்களா?

வாய்க்கால்_ஓரம் எழுதியது:

மூன்று குடும்பம். மூன்று பேர் வயலும் வாய்க்காலின் கடைசியில் இருக்கிறது. கூட்டத்துக்குக் கூப்பிடவில்லை. முடிவானதும் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தோம். கூப்பிடக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை, கூப்பிட வேண்டும் என்று யாருக்கும், எனக்கும், தோன்றவில்லை. நீங்கள் கேட்டபிறகு ராத்திரி சரியாகத் தூக்கம் வரவில்லை. என் அப்பா கதவைத் தட்டிய கதையை அவ்வளவு பெருமையாக எழுதினேன். அவர் தட்டியது அடுத்த வயல் சின்னம்மா வீட்டை. வாய்க்காலின் கடைசி வரைக்கும் யார் போய்த் தட்டினார்கள் என்று நான் யோசித்ததே இல்லை.

பெயிண்டரை நிறுத்தி வைத்திருக்கிறேன்.

ஓய்வு_தமிழாசிரியை (மன்னார்குடி) எழுதியது:

கீழத்தெரு நண்பருக்கு: நீங்கள் எழுதியதை மூன்று தடவை படித்தேன். என் பாடத்தில் இந்தப் பக்கம் இல்லாமல் போனது என் குறைதான், அதை ஒத்துக்கொள்கிறேன்.

ஒன்றை மட்டும் பக்கத்தில் வைக்கிறேன், சமாதானம் சொல்ல அல்ல. முறை என்றால் வழக்கம் என்ற பொருள் எப்படி உண்டோ, அப்படியே அந்த வழக்கத்தைக் கேள்வி கேட்கிற பொருளும் உண்டு. “இது முறையா?” என்று கேட்கிறோம். “இது வழக்கமா?” என்று கேட்டால் அது வெறும் தகவல் கேட்பது. “இது முறையா?” என்றால் நெஞ்சைத் தொட்டுப் பதில் சொல்லச் சொல்வது. உங்கள் தாத்தாவிடம் “அதுதான் முறை” என்று சொன்னவர்கள் முதல் பொருளைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டாவதை மறைத்துவிட்டார்கள். அரைப்படி நெல்லை உயர்த்திக் கேட்டவர்கள் கேட்டது அந்த இரண்டாவதைத்தான்.

பழைய நூல்கள் இந்த இரண்டாவது பொருளை மிகக் கடுமையாகவே சொல்கின்றன. ‘முறை எனப்படுவது கண்ணோடாது உயிர் வௌவல்’ என்கிறது கலித்தொகை. நம்மவர் என்று முகம் பார்க்காமல் தண்டிப்பது. திருவாரூர்க் கோயிலுக்கு வெளியே கல்தேர் நிற்கிறதே, கன்றின் மேல் தேர் ஏற்றிய மகனை அதே தேர்க்காலில் இட்ட சோழன் கதை, அதைப் பற்றிய பழமொழி ‘முறைமைக்கு மூப்பிளமை இல்’. சிலப்பதிகாரத்தில் கண்ணகி அதே கதையைப் புகார் நகரத்துக் கதையாகப் பாண்டியன் முகத்துக்கு நேரே சொல்கிறாள். கவனியுங்கள், அந்தக் கதையில் மணியை அடித்தது ஒரு பசு. உறவு இல்லாத, பேச்சு இல்லாத, வாசலுக்கு வெளியே நிற்கிற உயிர். அந்த மணிக்கு அரசன் எழுந்து வந்தான் என்பதற்காகத்தான் கதையை இன்னும் சொல்கிறோம். மாடு அடித்த மணி கேட்ட ஊரில் உங்கள் தாத்தாவின் குரல் கேட்கவில்லையே என்று நீங்கள் கேட்டால், அதற்கு என்னிடம் பதில் கிடையாது.

புதாறு (பேராவூரணி) எழுதியது:

எங்கள் பக்கத்தில் ஆடி மாதம் மொய்விருந்து நடக்கும். நோட்டில் எழுதிய பணத்தை அவர்கள் விசேஷத்தில் திருப்பிச் செய்தாக வேண்டும், சும்மா அல்ல, கொஞ்சம் கூட்டி. கோர்ட்டுக்குப் போகாது, பத்திரமும் கிடையாது. அப்படியும் பெரும்பாலும் திரும்பி வந்துவிடும். வக்கீல் சாருக்காகச் சொல்கிறேன், எழுத்தும் இருக்கிறது, தண்டனை என்று எங்கேயும் எழுதவில்லை. செய்யாதவர் வீட்டுப் பந்தலில் ஆள் இருக்காது, அவ்வளவுதான்.

கோர்ட்_வாசல் (தஞ்சாவூர்) எழுதியது:

புதாறு சொல்வதை ஏற்கிறேன். ஆனால் பந்தலில் இடம் இருக்கிறவர்களுக்குத்தான் பந்தல் காலியாகும் என்ற பயம். கீழத்தெரு நண்பர் சொன்ன நிலைமைக்கு எழுத்தும் கையெழுத்தும்தான் துணை. அதனால் பழைய கருத்தில் பாதியை விட்டுவிட்டேன், மறு பாதியை விடமாட்டேன். தலைப்பு எதுவாக இருந்தாலும் பதினேழு கையெழுத்தும் இருக்க வேண்டும்.

கீழத்தெரு எழுதியது:

டீச்சர், “இது முறையா?” பற்றி நீங்கள் சொன்னது சரி. என் பாட்டி கடைசி வரை சொன்ன வார்த்தை அது. நெல் அளக்கும் இடத்தில் மரக்காலைப் பார்த்துக்கொண்டே சொல்வாளாம், ஆளைப் பார்த்துச் சொல்ல மாட்டாளாம். அம்மா சொல்லியிருக்கிறாள்.

வாய்க்கால்_ஓரம் எழுதியது:

நேற்று மறுபடி கூட்டம் போட்டோம். இந்தத் தடவை மதகடியில், புங்கமரத்துக்குக் கீழே. பதினேழு வீட்டிலிருந்தும் வந்தார்கள். நானும் இன்னொருவரும் கீழத்தெருவுக்கு நேரில் போய்க் கூப்பிட்டோம். போகும்போது கால் கொஞ்சம் தயங்கியது உண்மைதான்.

கடைசி வயல் ஒரு அக்காவுடையது, நாலு மா. அவருக்கு இந்த இழை பற்றி எதுவும் தெரியாது. வாசகத்தைப் படித்து முடித்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, “மணியை எங்க நின்னு பாப்பீங்க?” தலைஞாயிறு அண்ணன் எழுதியதே அப்படியே அவர் வாயில் வந்தது. தண்ணீர் அவர் மடைக்கு வர மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகுமாம். இத்தனை வருஷமும் அந்த மூன்று மணி நேரம் அவர் கணக்கில்தான் கழிந்திருக்கிறது. தலைமடையில் வயல் வைத்திருக்கும் ஒருவர், என் சொந்தக்காரர்தான், “அப்ப சுத்து முடிய ஒரு நாள் கூட ஆகுமே” என்றார். பெரியப்பா அவரைப் பார்த்து, “ஆகட்டும்” என்றார். அதற்கு மேல் அவர் பேசவில்லை, இவரும் பேசவில்லை.

பலகை இப்போது இப்படி. தலைப்பு ‘நம் வாய்க்கால் நீர் முறை’. தண்ணீர் குறைந்த வருஷத்தில் முறை கடைமடையிலிருந்து தொடங்கும். மாவுக்கு ஒரு மணி நேரம், அவரவர் மடைக்குத் தண்ணீர் வந்து சேர்ந்த நேரத்திலிருந்து. முடித்தவர் தன் மடையை அடைத்துவிட்டு அடுத்தவரை நேரில் போய் எழுப்ப வேண்டும், போன் போட்டு எடுக்கவில்லை என்று சொல்லக் கூடாது. நேரம் எழுதும் நோட்டு அந்த அக்கா வீட்டில் இருக்கும். கீழே பதினேழு கையெழுத்து, அதில் இரண்டு கைநாட்டு. அதைக் காகிதத்தில் வாங்கிப் பத்திரமாக வைத்திருக்கிறோம், வக்கீல் சார்.

பெயிண்டர் முதலில் ‘நீர் முரை’ என்று எழுதிவிட்டார். அழித்து, காயவிட்டு, மறுபடி எழுதினார். வெயிலில் நின்று பார்த்தால் றகரத்துக்குக் கீழே பழைய ரகரம் இன்னும் லேசாகத் தெரிகிறது. இரண்டாவது கோட்டிங் நாளைக்கு அடிக்கிறார்.